நடனம் அமைப்பவரே நாடகத்தையும் இயக்கினால்: மைக்கேல் பென்னெட்டின் மேடை

1970-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் 'கம்பெனி' என்ற இசை நாடகம் அரங்கேறியது. கதை சின்னதுதான். பாபிக்கு 35 வயது, கல்யாணம் ஆகவில்லை. அவனைச் சுற்றி ஐந்து தம்பதிகள், எல்லாரும் நண்பர்கள். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் எல்லாரும் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு குஷியான பாட்டுக்கு ஆடுகிறார்கள். நடுவில் ஒரு கணவன் காலால் தரையில் சின்னதாக ஒரு டேப் தாளம் போடுகிறான். அவன் மனைவி தன் காலால் பதில் தாளம் போடுகிறாள். அடுத்த கணவன் போடுகிறான், அடுத்த மனைவி பதில் சொல்கிறாள். இப்படியே போய் கடைசியில் பாபியின் முறை வருகிறது. அவனும் தாளம் போடுகிறான். பதில் வரவேண்டிய இடத்தில் சத்தமே இல்லை.

அவன் தனியாள் என்பது நமக்கு அதுவரை தெரியாமல் இல்லை. தெரிந்த அந்த விஷயம் உடம்பில் உறைப்பது அந்தச் சில நொடிகளில்தான். வசனம் இல்லை, பாட்டு வரி இல்லை, கண்ணீரும் இல்லை. காலும் தரையும் ஒரு இடைவெளியும் மட்டுமே. அதை அமைத்தவர் மைக்கேல் பென்னெட். அப்போது அவருக்கு வயது 27.

பிராட்வே இசை நாடகங்களைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கு, அந்த உலகின் முக்கியமான ஒரு வேலையை இவரை வைத்துச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அதை 'டைரக்டர்-கொரியோகிராஃபர்' என்பார்கள். நடனம் அமைப்பதும் நாடகத்தை இயக்குவதும் ஒரே ஆள்.

முதலில் இந்த இரண்டு வேலையும் எப்படித் தனித்தனியாக இருந்தன என்று பார்த்துவிடலாம். பிராட்வே இசை நாடகம் ஒன்றுக்குக் கதையும் வசனமும் எழுத ஒருவர், பாடல் வரிக்கு ஒருவர், இசைக்கு ஒருவர் இருப்பார்கள். சில சமயம் இரண்டு வேலையை ஒருவரே செய்வார். இயக்குநர் நடிகர்களை வைத்துக் காட்சிகளை ஒத்திகை பார்ப்பார். நடன அமைப்பாளர் இன்னொரு அறையில் ஆட்டக்காரர்களை வைத்துப் பாட்டுகளுக்கு ஆட்டம் அமைப்பார். கடைசியில் இரண்டையும் சேர்த்துத் தைப்பார்கள். நம் சினிமாவில் பாட்டு வந்ததும் இயக்குநர் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள, டான்ஸ் மாஸ்டர் செட்டை எடுத்துக்கொள்வாரே, கிட்டத்தட்ட அப்படித்தான். தையல் நன்றாக விழுந்தால் தெரியாது. பெரும்பாலும் தெரியும். பேச்சு நிற்கும், ஆட்டம் தொடங்கும், ஆட்டம் முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து கிளம்பும்.

இந்தத் தையலை அவிழ்த்த முதல் பெரிய கை ஆக்னஸ் டி மில்லுடையது. 1943-ல் 'ஓக்லஹோமா!' நாடகத்துக்கு அவர் அமைத்த கனவு பாலே, கதாநாயகி வாய்விட்டுச் சொல்ல முடியாத பயத்தை ஆட்டமாக்கியது. 1947-ல் 'அலெக்ரோ' என்ற நாடகத்தை இயக்கி, நடனமும் அமைத்தார். அப்புறம் ஜெரோம் ராபின்ஸ். 1957-ல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கு மூலக்கரு, இயக்கம், நடனம் மூன்றும் அவர். வழக்கமாக நாலு வாரம் போதும் என்ற ஒத்திகைக்கு அவர் எட்டு வாரம் கேட்டு வாங்கினார். இரண்டு தெருக்கும்பல்களாக நடிப்பவர்களை ஒத்திகைக் காலத்தில் ஒருவரோடொருவர் பழகவிடாமல் பிரித்தே வைத்தார். மேடையில் அந்தப் பையன்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், நடை எப்போது நடனமானது என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. பேச்சும் ஆட்டமும் ஒரே தலையில் பிறந்தால்தான் அப்படி வரும்.

அந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' ஐரோப்பியப் பயணம் போனபோது அதில் ஒரு சிறு வேடத்துக்குச் சேர்ந்த பையன்தான் பென்னெட். 1943 ஏப்ரல் 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். குடும்பப் பெயர் டிஃபிக்லியா. சின்னக் குழந்தையிலிருந்தே நடனம் கற்றவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்தக் குழுவோடு கிளம்பினார். அங்கே அறிமுகமான பாப் ஏவியன் என்ற ஆட்டக்காரர் கடைசிவரை அவருடைய கூட்டாளியாக இருந்தார். பென்னெட்டின் பெரிய நாடகங்களில் ஏவியனின் பங்கு பெரியது, அதைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஊர் திரும்பியபின் சில வருடம் பிராட்வே கோரஸில் ஆடினார். கோரஸ் என்றால் நம் ஊர்ப் பேச்சில் குரூப் டான்சர்கள். முன்னால் நட்சத்திரம் நிற்க, பின்னால் ஒரே உடையில் ஒரே அசைவில் ஆடும் கூட்டம். நிகழ்ச்சிக் கையேட்டில் அவர்கள் பெயர் பொடி எழுத்தில் வரும். ஒரு நாடகம் மூடினால் அடுத்த ஆடிஷன் வரிசையில் போய் நிற்கவேண்டும். பென்னெட் பின்னால் செய்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த வருடங்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நடன அமைப்பாளராக முதல் நாடகம் 1966-ல். 12 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். ஆனாலும் அதற்கு அவர் பெயர் டோனி விருதுப் பட்டியலில் வந்தது. டோனி என்பது பிராட்வேயின் தலையாய விருது. 1968-ல் 'ப்ராமிசஸ், ப்ராமிசஸ்'. அதில் ஒரு ஆபீஸ் கிறிஸ்துமஸ் விருந்து வரும். மூன்று பெண் ஊழியர்கள் ஆடத் தொடங்கி, கழுத்து கழன்றுவிடுமோ என்று தோன்றும் வேகத்துக்குப் போவார்கள். அந்த மூவரில் டானா மெக்கெக்னி, பேயோர்க் லீ என்ற இரண்டு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்கள்.

'கம்பெனி'யில் அவருக்குக் கிடைத்தது வேறு மாதிரிச் சிக்கல். இசையும் வரிகளும் ஸ்டீபன் சோன்ட்ஹைம், இயக்கம் ஹரோல்ட் பிரின்ஸ், மேடையில் மொத்தமே 14 பேர். பெரும்பாலானவர்களுக்கு ஆடவே வராது. இன்னொருவராக இருந்தால் நாலு நல்ல ஆட்டக்காரர்களைப் பின்னால் நிறுத்தி மறைத்திருப்பார். பென்னெட் அந்தத் தடுமாற்றத்தையே எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூட விழாவில் பெற்றோர்கள் மேடையேறி ஆடினால் எப்படி இருக்குமோ, அப்படி ஆடவைத்தார். அந்தக் கதாபாத்திரங்கள் நிஜமாக ஆடினாலும் அப்படித்தானே ஆடியிருப்பார்கள்! ஆட்டக்காரருக்கு அழகான ஸ்டெப் கொடுப்பது ஒரு வேலை. ஆடத்தெரியாத கதாபாத்திரம் எப்படி ஆடும் என்று யோசிப்பது இயக்குநரின் வேலை. அவர் இரண்டாவதற்குள் நுழைந்துவிட்டது அங்கேதான் தெரிகிறது.

அடுத்த வருடம், 1971, 'ஃபாலீஸ்'. இதை பிரின்ஸும் அவரும் சேர்ந்தே இயக்கினார்கள். இடிக்கப்போகும் ஒரு பழைய நாடகக் கொட்டகையில், இளவயதில் அங்கே ஆடிய பெண்கள் பல வருடம் கழித்து ஒன்றுகூடுகிறார்கள். நடுவில் ஒரு ஆட்டம் வரும். வயதான பெண்கள் தங்கள் பழைய பாட்டுக்கு, ஸ்டெப்பை ஞாபகப்படுத்திக்கொண்டே ஆடத் தொடங்குவார்கள். மூச்சு வாங்கும், சிரிப்பு வரும். பின்னால் இருட்டிலிருந்து அவர்களுடைய இளவயது உருவங்கள் கண்ணாடித் துண்டுகள் பதித்த உடையில் மெல்ல வந்து அதே ஆட்டத்தை ஆடும். கொஞ்ச நேரத்தில் இரண்டு வரிசையும் கலந்து, ஒருத்தியும் அவள் பழைய உருவமும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே அடி எடுத்துவைப்பார்கள். பாட்டு கண்ணாடியில் தெரியும் பெண்ணைப் பற்றியது. கண்ணாடியை ஆளாகவே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நாடகம் போட்ட பணத்தை இழந்தது. ஆனால் இயக்கத்துக்கான டோனி இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது, நடனத்துக்கான டோனி பென்னெட்டுக்குத் தனியாகக் கிடைத்தது.

1973-ல் 'சீஸா'. அப்போதெல்லாம் புது நாடகத்தை முதலில் பாஸ்டன், டெட்ராய்ட் போன்ற வெளியூரில் ஓட்டிப் பார்த்துத் திருத்திவிட்டுத்தான் நியூயார்க்குக்குக் கொண்டுவருவார்கள். வெளியூரிலேயே தள்ளாடினால் வைத்தியம் பார்க்க ஒருவரை அழைப்பார்கள். 'ஷோ டாக்டர்' என்றே அதற்குப் பெயர். 'சீஸா'வுக்கு அந்த வைத்தியராகப் போய், மொத்தப் பொறுப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, இயக்குநராகவே அரங்கேற்றினார்.

சரி, இப்போது 'எ கோரஸ் லைன்' பற்றி. இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

1974 ஜனவரி 26, சனிக்கிழமை. வேலையில்லாத் திண்டாட்டத்தில் சலித்துப்போயிருந்த மிஷான் பீகாக், டோனி ஸ்டீவன்ஸ் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் நியூயார்க்கில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் சக ஆட்டக்காரர்களைக் கூட்டினார்கள். பென்னெட்டும் அழைப்பின் பேரில் வந்தார், டேப் ரெக்கார்டரோடு. அன்றைய காட்சிகள் முடிந்து நள்ளிரவில் கூடி, முதலில் எல்லாரும் சேர்ந்து ஆடினார்கள். அப்புறம் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசினார்கள். எங்கே பிறந்தாய், ஏன் ஆட வந்தாய், வீட்டில் என்ன சொன்னார்கள். விடிந்தும் பேச்சு ஓயவில்லை. நிக்கோலஸ் டான்டே என்ற ஆட்டக்காரர், பதின்ம வயதில் பெண்வேடக் கலைஞர்களின் குழு ஒன்றில் ஆடியதையும் பெற்றோர் அதை நேரில் பார்க்க நேர்ந்ததையும் சொன்னார். அது கிட்டத்தட்ட அப்படியே நாடகத்தின் மிக நீளமான தனிப்பேச்சாக ஆனது. டான்டேயும் நாவலாசிரியர் ஜேம்ஸ் கிர்க்வுட்டும் நாடகத்தை எழுதினார்கள். இசை மார்வின் ஹாம்லிஷ், வரிகள் எட்வர்ட் கிளெபன்.

அந்த ஒலிநாடாக்கள் நாடகமான விதம் பிராட்வேயின் தொழில்முறையையே மாற்றியது. பிரதி தயாரான பிறகுதான் ஒத்திகை என்பது பழைய வழக்கம். பென்னெட்டிடம் பிரதியே கிடையாது, நாடாவும் ஆட்களும் மட்டும்தான். நியூயார்க்கில் பப்ளிக் தியேட்டர் என்ற நாடக அமைப்பை நடத்திய ஜோசப் பாப் அவருக்கு இடம் கொடுத்தார். அதைவிடப் பெரிதாக, அவகாசம் கொடுத்தார். ஆட்டக்காரர்களுக்கு வாரம் 100 டாலர். எழுதுவது, ஆடிப்பார்ப்பது, தூக்கிப்போடுவது, திரும்ப எழுதுவது என்று மாதக்கணக்கில் போனது. 'வொர்க்ஷாப்' என்று இன்று எல்லாரும் செய்யும் முறை இதுதான். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தங்கள் வாழ்க்கைக் கதையை அந்த ஆட்டக்காரர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிறகு வருமானத்தில் ஒரு சிறு பங்கு அவர்களுக்கு வந்தது. ஆனாலும் அந்த ஒரு டாலர் பலர் மனதில் உறுத்தலாகவே இருந்தது. அந்த உறுத்தல் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாடகத்தின் கதை ஒரு ஆடிஷன், அவ்வளவுதான். திரை விலகும் சம்பிரதாயம் இல்லை. விளக்கு வந்ததும் ஆட்டக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டி, பின்னால் உள்ள கண்ணாடியைப் பார்த்து ஸ்டெப் கற்றுக்கொண்டிருப்பார்கள். இயக்குநர் ஸாக், "ஐந்து, ஆறு, ஏழு, எட்டு!" என்று எண்ணிக் கொடுப்பார். அவர்கள் திரும்பி நம்மைப் பார்த்து அதே ஸ்டெப்பை ஆடும்போது ஒருத்தி அரை அடி பிந்துவாள், ஒருவன் தலையைத் தாழ்த்திக் காலையே பார்ப்பான். யார் தேறுவார்கள் என்று நாமும் எடைபோடத் தொடங்கிவிடுவோம். பாட்டு முடியும்போது எல்லாரும் மேடையின் முன்பக்கம் வரிசையாக நின்று, தங்கள் புகைப்படத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். நிஜ முகம் மறைந்து, அட்டை முகங்களின் வரிசை மட்டும் நிற்கும். ஒரு அடிகூட ஆடாத அந்த நிலைதான் நாடகத்தின் மிகச் சிறந்த நடன அமைப்பு என்று தோன்றுகிறது.

மேடையில் வேறு எதுவும் கிடையாது. கருப்பு வெளி, தரையில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டில் கால்நுனி வைத்து 17 பேர் நிற்பார்கள். ஸாக் பெரும்பாலும் அரங்கின் பின்புற இருட்டிலிருந்து குரலாக மட்டுமே வருவார். ராபின் வாக்னர் அமைத்த பின்சுவர் முப்பட்டைத் தூண்களால் ஆனது. சுழற்றினால் ஒரு முகம் கருப்பு, ஒரு முகம் கண்ணாடி, ஒரு முகம் கடைசிக் காட்சிக்கான பளபளப்பு. ஒளியமைப்பு தரோன் மஸ்ஸர். பிராட்வேயில் கணினி நினைவகம் கொண்ட விளக்குப் பலகை முதன்முதலில் வந்தது இந்த நாடகத்தில்தான். அதுவரை விளக்குகளைக் கையால்தான் ஏற்றி இறக்கினார்கள். பென்னெட்டுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதில் நம் பாடம் இருக்கிறது. கோட்டில் நிற்பவர்கள் சத்தமாகப் பேசுவதும் உண்டு, மனசுக்குள் நினைப்பதும் உண்டு. ஒளி மாறினால் மனசுக்குள் போகிறோம், திரும்ப மாறினால் ஆடிஷனுக்கு வந்துவிடுகிறோம். சினிமாவில் ஒரு ஷாட் கரைந்து இன்னொன்று வருவதுபோல, ஆளும் ஒளியும் இசையும் ஒரே எண்ணிக்கையில் நகரவேண்டும். விளக்கு மாறுவதையும் எட்டு எண்ணி அமைத்தவர் அவர்.

அந்தக் கோட்டில் நிற்கும் காஸியின் கதை மற்றவர்களுடையதிலிருந்து கொஞ்சம் வேறு. அந்த வேடத்தில் டானா மெக்கெக்னி. கோரஸிலிருந்து தனி நட்சத்திரமாக உயர்ந்து, அது நிலைக்காமல், திரும்பக் கோரஸ் வேலை கேட்டு வந்திருக்கிறாள். ஸாக் அவளுடைய பழைய காதலன். சிவப்பு உடையில், கண்ணாடிகளுக்கு நடுவே, தனியாக ஒரு நீண்ட ஆட்டம் ஆடுவாள். அதற்குச் சற்றுப் பின், கோரஸ் ஸ்டெப்பை எல்லாரும் வரிசையில் பழகும்போது ஸாக் அவளையே திரும்பத் திரும்ப நிறுத்துவார். இடுப்பு அதிகம், தலை அதிகம், தனியாகத் தெரிகிறாய், கூட்டத்தில் கரை. ஒரு ஆட்டக்காரியை அழகாக்கும் எல்லாமே அந்த வரிசையில் பிழையாகிவிடுகிறது. கோரஸில் நின்றே வளர்ந்த ஒருவரால்தான் இந்தக் காட்சியை இவ்வளவு ஈரத்தோடு அமைக்க முடியும்.

முடிவில் ஸாக் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுப்பார். மீதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் பளபளவென்று தங்கநிற உடை, உயரத் தொப்பி, எல்லாரும் திரும்ப வருவார்கள், தேர்வானவர்களும் ஆகாதவர்களும். இரண்டு மணி நேரம் ஒவ்வொருவர் பெயரும் ஊரும் காயமும் தெரிந்துகொண்ட நாம், இப்போது எது யார் என்று தேடுவோம். கண்டுபிடிக்க முடியாது. ஒரே தொப்பி, ஒரே சிரிப்பு, ஒரே உயரத்துக்கு எழும் கால்கள். ஆட்டம் முடிந்தபின் நடிகர்கள் திரும்ப வந்து வணங்கிக் கைதட்டு வாங்குவது பென்னெட் வேண்டாம் என்று வைத்த ஒன்று. கால்கள் எழுந்துகொண்டே இருக்க, ஒளி மங்கி அணைந்துவிடும்.

1975 ஜூலையில் நாடகம் பப்ளிக்கிலிருந்து பிராட்வேயின் ஷூபர்ட் தியேட்டருக்கு மாறியது. மறுவருடம் 12 டோனி பரிந்துரைகளில் ஒன்பதை வென்றது, நாடகத்துக்கான புலிட்சர் பரிசும் வந்தது. அதே ஆண்டு போட்டியில் இருந்த பாப் ஃபாஸியின் 'சிகாகோ' 11 பரிந்துரைகள் பெற்று ஒன்றுகூட வெல்லவில்லை. ஃபாஸியும் இயக்கம், நடனம் இரண்டும் செய்தவர், மேதை. பாவம், தவறான வருடம். 1983 செப்டம்பர் 29 அன்று 'எ கோரஸ் லைன்' 3,389-வது காட்சியோடு பிராட்வேயில் அதுவரை மிக அதிகம் ஓடிய நாடகம் என்ற இடத்தைப் பிடித்தது. அன்று இரவு பல குழுக்களில் இதை ஆடிய 332 பேரை பென்னெட் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். 1990 ஏப்ரலில் மூடும்போது கணக்கு 6,137 காட்சிகள்.

இத்தனை காட்சிகளுக்கும் ஆட்டம் எப்படிக் கலையாமல் இருக்கிறது என்று கேட்கலாம். ஒவ்வொரு குழுவிலும் 'டான்ஸ் கேப்டன்' ஒருவர் உண்டு. எல்லாருடைய அடியும் அவருக்கு மனப்பாடம். புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுப்பதும், ஆடி ஆடித் தேய்ந்துபோன அசைவைத் திரும்பத் தீட்டுவதும் அவர் வேலை. 'எ கோரஸ் லைன்' விஷயத்தில் அந்த நினைவுக் களஞ்சியம் பேயோர்க் லீ. முதல் குழுவில் கோனி வேடத்தில் ஆடியவர், பிறகு பல நாடுகளில் இந்த நாடகத்தை அடி பிசகாமல் அமைத்துக் கொடுத்தார். 2006-ல் பிராட்வேயில் மறுபடி வந்தபோது நடனத்தை அவர்தான் மீட்டெடுத்தார், இயக்கியவர் பாப் ஏவியன்.

'எ கோரஸ் லைன்' வந்தபின் பென்னெட் 1978-ல் செய்த 'பால்ரூம்' தோற்றது, நடனத்துக்கு மட்டும் டோனி வந்தது. 1981 டிசம்பரில் 'ட்ரீம்கேர்ல்ஸ்'. மூன்று கருப்பினப் பாடகிகள் மேலேறும் கதை, அவர்களில் அதிகம் பாடத் தெரிந்த எஃபி வெளியே தள்ளப்படுகிறாள். இங்கே பென்னெட் ஆட்களோடு மேடையையும் ஆடவைத்தார். விளக்குகள் பூட்டிய உயரமான உலோகக் கோபுரங்கள் சுழன்று நகரும். இப்போதுவரை மேடைக்குப் பின்னால் நின்று சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கோபுரம் திரும்பியதும் ரசிகர்களுக்கு எதிரே நிற்கிறோம். திரை இறக்கிக் காட்சி மாற்றும் வேலையே இல்லை. முதல் பாதியின் முடிவில் எஃபியாக நடித்த ஜெனிஃபர் ஹாலிடே, போகமாட்டேன் என்று தொண்டை கிழியப் பாடுவார். அவர் குரல் உச்சத்தில் நிற்கும்போதே பின்னால் புதுப் பாடகியோடு அந்தக் குழு மினுமினுத்துக்கொண்டு வந்துவிடும். உலகம் அவளைத் தாண்டிப் போய்விட்டது என்பதை ஒரே நகர்வில் சொல்லிவிட்டார்.

மொத்தம் ஏழு டோனி. லண்டனில் 'செஸ்' நாடகத்தை இயக்க ஒப்புக்கொண்டிருந்தார், 1986 தொடக்கத்தில் உடல்நிலை காரணமாக விலகினார். 1987 ஜூலை 2 அன்று அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், எய்ட்ஸோடு வந்த புற்றுநோயால் இறந்தார். வயது 44. நியூயார்க் நாடக உலகம் அந்த வருடங்களில் இதே நோய்க்கு எத்தனையோ ஆட்டக்காரர்களைப் பறிகொடுத்தது.

சம்பாதித்த பணத்தில் அவர் மன்ஹாட்டனில் 890 பிராட்வே என்ற பழைய கட்டடத்தை வாங்கி, தளம் தளமாக ஒத்திகைக் கூடங்களாக்கினார். உடை தைப்பவர்களும் அங்கேயே இருந்தார்கள். 'ட்ரீம்கேர்ல்ஸ்' உருவானது அங்கேதான். சாவதற்கு முந்தைய வருடம் அதை விற்கவேண்டி வந்தது. இன்றும் அந்த முகவரியில் அமெரிக்கன் பாலே தியேட்டரின் ஒத்திகைக் கூடங்கள் இருக்கின்றன.